ராஸ்பெரி பையில் கான்ஃபிக் கோப்பைத் திருத்துவது: வரியைச் சேர்த்தும் ஒன்றும் நடக்கவில்லையா?

வழக்கமான கணினியில் பயாஸ் திரைக்குள் போய் மாற்றுகிற வன்பொருள் அமைப்புகளை ராஸ்பெரி பை என்ற சின்ன ஒற்றைப் போர்டு கணினியில் கான்ஃபிக்.டிஎக்ஸ்டி என்ற ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதுகிறோம். லினக்ஸ் எழுந்திருக்கும் முன்பே பையின் ஃபர்ம்வேர் (வன்பொருளைத் தயார்செய்யும் அடிப்படை மென்பொருள்) இதைப் படித்துவிடும். அதனால் எந்த மாற்றம் செய்தாலும் ரீபூட் செய்தே ஆக வேண்டும்.

உதாரணத்துக்கு, பை 4-இல், பையை அணைத்தாலும் நேரத்தைக் காக்கும் டிஎஸ்3231 கடிகார மாட்யூலைச் சேர்ப்போம். பை 5-இல் கடிகாரம் போர்டிலேயே இருக்கிறது, அதற்கு இது தேவையில்லை. மாட்யூல் பையோடு ஐ2சி என்ற இரண்டு ஒயர் இணைப்பில் பேசும்: அதன் எஸ்டிஏ 3-ஆம் பின்னுக்கு, எஸ்சிஎல் 5-ஆம் பின்னுக்கு, கிரவுண்ட் 6-க்கு, மின்சாரம் 1-ஆம் பின்னிலிருந்து, அதாவது 3.3 வோல்ட். பக்கத்திலேயே 5 வோல்ட் பின் இருக்கிறதே என்று அதில் மாட்டாதீர்கள், பையின் ஜிபிஐஓ பின்கள் (வெளிச் சாதனங்களோடு பேசும் பின்கள்) 5 வோல்ட்டைத் தாங்காது.

படி 1: சரியான கோப்பைத் திறப்பது. 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பிலிருந்து கோப்பு இருக்கும் இடம் /பூட்/ஃபர்ம்வேர்/ என்ற ஃபோல்டர். அதற்கு முன்பு நேராக /பூட்/ என்பதற்குள்ளேயே இருந்தது. பழைய இடத்தில் இன்னமும் அதே பெயரில் ஒரு கோப்பு இருக்கும், திறந்தால் இதைத் திருத்தாதே, இடம் மாறிவிட்டது என்று சொல்லும். முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். சூடோ (நிர்வாகி உரிமை) போட்டு நானோ என்ற எடிட்டரில் திறந்தால் போதும், நாலு வரி மாற்ற விம் எல்லாம் வேண்டியதில்லை.

படி 2: இரண்டு வரிகள் சேர்ப்பது. முதல் வரி ஐ2சியை ஆன் செய்யும்; இரண்டாவது ஓவர்லே, அதாவது என்ன வன்பொருள் மாட்டியிருக்கிறது என்று லினக்ஸின் மையமான கர்னலுக்குச் சொல்லும் துண்டு. கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள், சமக்குறிக்கு முன்னும் பின்னும் இடைவெளி விடாதீர்கள்:

டிடிபாரம்=ஐ2சி_ஆர்ம்=ஆன்
டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231

எங்கே சேர்க்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது, என்னை அதிகம் அலைக்கழித்ததும் இந்த இடம்தான். கோப்பின் கீழ்ப்பகுதியில் சதுர அடைப்புக்குறிக்குள் சிஎம்4, சிஎம்5, பை4, ஆல் என்று தலைப்புகள் வரும் (எல்லாப் பதிப்பிலும் எல்லாம் இருக்காது). பார்க்க வெறும் அலங்காரம் மாதிரி இருந்தாலும் இவை வடிகட்டிகள். சிஎம்4 என்ற தலைப்புக்குக் கீழே எழுதிய வரி கம்ப்யூட் மாட்யூல் 4-இல் மட்டும்தான் செல்லும், அடுத்த தலைப்பு வரும் வரை இதே கதைதான். உங்களிடம் இருப்பது சாதாரண பை 4 என்றால் ஃபர்ம்வேர் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும், பிழைச் செய்தி எதுவும் வராது, நீங்கள் பாட்டுக்கு ஒயரைக் கழற்றி மாட்டிக்கொண்டு இருப்பீர்கள். அதனால் கோப்பின் கடைசியில் இருக்கிற ஆல் தலைப்புக்குக் கீழே எழுதுங்கள், இல்லையென்றால் நீங்களே ஒரு ஆல் தலைப்பு போட்டு அதன் கீழே எழுதுங்கள். இன்னொன்று, ஒரு வரியில் 98 எழுத்துக்கு மேல் போனால் மிச்சத்தை ஃபர்ம்வேர் படிக்காது. நீளமான ஓவர்லே வரிகளில் இது கடிக்கும்.

படி 3: ரீபூட், அப்புறம் சோதனை. ஐ2சியில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று காட்டும் ஐ2சிடிடெக்ட் கட்டளையை -ஒய் 1 என்று கொடுத்து ஓட்டுங்கள். 68 என்ற முகவரியில் யுயு என்று வந்தால் கர்னல் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டது, வேலை முடிந்தது. வெறும் 68 என்று வந்தால் ஒயர் சரி, ஓவர்லே ஏறவில்லை. ஒன்றுமே வராவிட்டால் ஒயரைப் பாருங்கள்.

ஓவர்லே ஏறாதபோது ஊகித்துக்கொண்டு உட்காராமல் சூடோ விசிலாக் --எம்எஸ்ஜி என்று ஓட்டிப் பாருங்கள். ஃபர்ம்வேர் எந்த ஓவர்லேயை ஏற்றப் பார்த்தது, எது தோற்றது என்று அதில் தெரியும். பெயரில் ஓர் எழுத்து தப்பியிருந்தால் இங்கே மாட்டிக்கொள்ளும்.

ராஸ்பி-கான்ஃபிக் என்ற அமைப்புக் கருவியின் மெனுவிலேயே ஐ2சியை ஆன் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், ஆனால் கடிகார ஓவர்லே அதில் கிடையாது, எப்படியும் கோப்புக்குத்தான் வர வேண்டும். எனக்கு அதைவிடப் பிடித்தது டிரைபூட். கான்ஃபிக் கோப்பை அதே இடத்தில் டிரைபூட்.டிஎக்ஸ்டி என்று நகலெடுத்து, மாற்றத்தை அதில் செய்து, சூடோ ரீபூட் என்பதோடு மேற்கோள் குறிக்குள் 0 டிரைபூட் என்று கொடுங்கள். அந்த ஒரு முறை மட்டும் புதிய கோப்பு படிக்கப்படும். உறைந்து நின்றாலும் மின்சாரத்தை எடுத்துப் போட்டால் பழைய கோப்புக்கே திரும்பிவிடும். கடிகாரத்துக்கு இது அதிகப்படிதான், ஆனால் ஆர்ம்_ஃப்ரெக், ஓவர்_வோல்டேஜ் (செயலியின் வேகம், மின்னழுத்தம்) பக்கம் போகிறவர்கள் இது இல்லாமல் போகாதீர்கள்.

பின்சேர்க்கை: ஐ2சிடிடெக்ட் அப்படி ஒரு கோப்பே இல்லை என்கிறது என்று கேட்டிருந்தார்கள். ஐ2சி-டெவ் மாட்யூல் ஏறியிருக்காது. மெனு வழியாகப் போனால் அதுவே ஏற்றிவிடும், கையால் எழுதினால் சூடோ மாட்ப்ரோப் ஐ2சி-டெவ் என்று நாம்தான் ஏற்ற வேண்டும்.

இன்னொரு பின்சேர்க்கை: பை பூட் ஆகாமல் போனால் கார்டை வேறு கணினியில் செருகுங்கள். பூட் பார்ட்டிஷன் ஃபேட் வகை என்பதால் விண்டோஸிலும் திறக்கும். நோட்பேடில் புதிதாக எழுதிச் சேமிப்பவர்கள் கோப்பின் பெயரைக் கவனியுங்கள், விண்டோஸ் வால்பெயரை மறைத்துவிடுவதால் டிஎக்ஸ்டி இரண்டு முறை ஒட்டிக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரியாது, பை அந்தக் கோப்பைச் சீண்டாது.