சீனாவைப் பற்றிய ஆய்வுத் திட்டத்துக்கு ஆள் சேர்ப்பது எப்படி

சீனாவின் வெளியுறவைப் பற்றி ஆராய ஒரு பல்கலைக்கழகத்துக்கு நிதி கிடைத்ததும், பெரும்பாலும் முதலில் நடப்பது ஆலோசனைக் குழுவுக்குப் பெரிய பெயர்களைத் தேடுவதுதான். ஓய்வுபெற்ற தூதர் ஒருவர், பேராசிரியர்கள் இரண்டு மூன்று பேர், தொடக்க விழா. இப்படிப்பட்ட திட்டங்களுக்கு ஒருங்கிணைப்பாளராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் சொல்கிறேன், அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணங்களைத் திறந்து வரி வரியாகப் படிக்கப்போகும் நாலைந்து பேரை முதலில் பிடியுங்கள். திட்டத்தின் தரம் அவர்கள் கையில்தான் இருக்கிறது.

முதலில் தேவைப்படுபவர் சீனமொழி ஆவணம் படிக்கத் தெரிந்தவர். சரளமாகப் பேசுவது வேறு, அரசு அறிவிப்பைப் படித்து அதில் யார் என்ன பொறுப்பு ஏற்றிருக்கிறார்கள் என்று பிரித்துச் சொல்வது வேறு. சான்றிதழை மட்டும் பார்த்து எடுக்காமல், நேர்முகத் தேர்வில் உண்மையான ஒரு வழக்கைக் கொடுத்துவிடுங்கள். நான் கொடுப்பது இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம்.

அதன் முதல் கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி கொடுத்த கடன் சுமார் 30.7 கோடி டாலர், வட்டி 6.3 சதவீதம். கட்டியது சைனா ஹார்பர். 2017இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது சைனா மெர்ச்சன்ட்ஸ் போர்ட். அதற்கு ஒப்புக்கொண்ட தொகை 112 கோடி டாலர். கடன் கொடுத்தவர், கட்டியவர், குத்தகைக்கு எடுத்தவர் மூவரும் வேறு வேறு நிறுவனங்கள். குத்தகைப் பணம் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. பழைய கடன் அப்படியே நின்றது. இதையெல்லாம் படித்துவிட்டு, ‘கடனுக்குப் பதிலாகச் சீனா துறைமுகத்தை எடுத்துக்கொண்டது’ என்று ஒருவர் ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் அவர் தலைப்புச் செய்தியைத்தான் படித்திருக்கிறார். மூன்று நிறுவனங்களையும் தனித்தனிக் கட்டத்தில் போட்டு, பணம் எங்கிருந்து எங்கே போனது என்று அம்புக்குறி போடுபவரை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, சீன அரசும் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியும் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்த ஒருவர். வெளியுறவு அமைச்சகத்தின் செய்தியாளர் சந்திப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு சீனாவின் வெளியுறவை எழுத முடியாது. அதற்கு மேலே கட்சியின் மத்திய வெளியுறவு ஆணையம் இருக்கிறது. பிற நாட்டுக் கட்சிகளோடு பேசக் கட்சிக்கென்றே சர்வதேசத் துறை இருக்கிறது. வணிக அமைச்சகத்துக்குத் தனிக் கணக்கு. வெளிநாட்டு உதவிக்கென்று 2018இல் தனி முகமையே வந்துவிட்டது. இவர் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய வேலை, யார் எந்தப் பதவியில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்ற பட்டியல். 2022 டிசம்பர் இறுதியில் வெளியுறவு அமைச்சரான சின் காங் 2023 ஜூலையில் நீக்கப்பட்டு வாங் யீ மறுபடி வந்தார். தேதி இல்லாத பட்டியல் அந்த ஏழு மாதத்தில் தடுமாறிப்போகும்.

அப்புறம் மாணவர்கள். இவர்களைக் குறைவாக எடைபோடாதீர்கள். அமெரிக்காவில் வில்லியம் அண்ட் மேரி பல்கலைக்கழகத்தில் இயங்கும் எய்ட்டேட்டா என்ற ஆய்வு மையம் 2023இல் வெளியிட்ட தொகுப்பில், 165 நாடுகளில் சீனா நிதி கொடுத்த 20,985 திட்டங்கள் இருக்கின்றன. 2000 முதல் 2021 வரை, மொத்தம் 1.34 லட்சம் கோடி டாலர். இப்படி ஒரு தொகுப்பு உருவாக, கடன் ஒப்பந்தம், நாடாளுமன்றப் பதிவு, உள்ளூர்ச் செய்தி என்று ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும். அங்கேயும் அந்த உழைப்பில் மாணவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. உங்கள் திட்டம் சிறியதாக இருந்தாலும் முறை ஒன்றுதான்: ஒரே ஆவணத்தை இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் பதிவு செய்யட்டும், வேறுபடும் இடத்தை மூன்றாவது ஆள் தீர்த்துவைக்கட்டும், ஏன் அப்படித் தீர்த்தார் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். அறிவிக்கப்பட்ட கடனும் உண்மையில் கைமாறிய கடனும் ஒன்றாகக் கலந்துவிடாமல் காப்பாற்றுவது இந்த வேலைதான். இதற்குச் சம்பளம் கொடுங்கள். ‘அனுபவம் கிடைக்கும்’ என்று சொல்லி வாங்கும் உழைப்பு எனக்கு ஒப்புதல் இல்லை.

ஒரு நூலகரையும் தொடக்கத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பலரும் இதை மறக்கிறார்கள், எனக்கு அது ஆற்றாமையாகவே இருக்கிறது. சீன வெளியுறவு அமைச்சகத்தின் ஆவணக் காப்பகம் 2004இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தது. பத்தாண்டுகூட ஆகவில்லை, திரும்ப இறுகிவிட்டது. சீன ஆய்வுக் கட்டுரைகளின் பெரிய தரவுத்தளமான சிஎன்கேஐ, 2023 ஏப்ரல் முதல் வெளிநாட்டு நூலகங்களுக்குச் சில பகுதிகளை நிறுத்தியது. இன்று திறக்கும் பக்கம் நாளையும் திறக்கும் என்று நம்பி வேலை செய்ய முடியாது. மேற்கோள் காட்டும் ஒவ்வொரு பக்கத்தையும் அன்றைக்கே தேதியோடு சேமிப்பது நூலகரின் பொறுப்பு என்று எழுதிவைத்துவிடுங்கள்.

களத்தில் நேர்காணல் எடுப்பவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். சீனாவின் திருத்தப்பட்ட உளவு எதிர்ப்புச் சட்டம் 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தேசப் பாதுகாப்பு, தேச நலன் தொடர்பான ஆவணங்களும் தரவுகளும் அதன் வரம்புக்குள் வந்துவிட்டன. சாதாரணமாகத் தோன்றும் ஒரு கேள்வி, பதில் சொன்னவருக்கு ஆபத்தாக முடியலாம். ஆகவே பேசியவர்களின் பெயர்கள் ஒரு கோப்பில், பேச்சு வேறொரு கோப்பில், இரண்டையும் இணைக்கும் சாவி ஒருவரிடம் மட்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி வரும் வரை யாரும் ஒரு நேர்காணல்கூடத் தொடங்கக் கூடாது. கடன் வாங்கிய நாட்டிலும் ஆள் வேண்டும்: துறைமுகத் தொழிலாளர்களோடும் உள்ளூர் அதிகாரிகளோடும் பழகிய ஆய்வாளர்கள். அவர்களைத் தகவல் கொண்டுவந்து தருபவர்களாக மட்டும் வைத்திருக்காமல் கட்டுரையில் ஆசிரியர்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிதி முடிந்த பிறகு தரவு யாரிடம் இருக்கும் என்பதையும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். ஆப்பிரிக்காவுக்குச் சீனா கொடுத்த கடன்களின் தரவுத்தளம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில், டெபோரா பிராட்டிகம் தொடங்கிய ஆய்வு மையத்தில் வளர்ந்தது. 2021இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போனது. ஏற்றுக்கொள்ள ஒரு இடம் இருந்ததால் இன்றும் புதுப்பிக்கப்படுகிறது.

இவ்வளவும் ஆன பிறகு ஆலோசனைக் குழுவை அமைத்துக்கொள்ளுங்கள். சீனாவைப் பற்றி ஒருவரோடு ஒருவர் ஒத்துப்போகாத இரண்டு பேராவது அதில் இருக்கட்டும். நிதி எங்கிருந்து வருகிறது என்பதை அறிக்கையின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். பெயர்ப் பட்டியலில் யார் பதிவு செய்தார், யார் சரிபார்த்தார், யார் நேர்காணல் எடுத்தார் என்று வேலையோடு சேர்த்து எழுதுங்கள். சீனாவில் வசிப்பவர்கள், அங்கே குடும்பம் இருப்பவர்கள் என்றால், சேரும்போது சம்மதம் வாங்கியிருந்தாலும் வெளியிடுவதற்கு முன் இன்னொரு முறை கேளுங்கள். வேண்டாம் என்றால் பெயரை எடுத்துவிட்டு, காரணம் கேட்காமல் விட்டுவிடுங்கள்.