ஃபங்க் வாசிக்கப் பேஸ் கம்பி வாங்குகிறவர்கள் விடும் பிழைகள்

போன கிழமை பேஸ் கிற்றார் பழக வரும் பொடியன் ஒருவன் புதுக் கம்பி போட்டுக்கொண்டு வந்தான். உறையிலிருந்து எடுத்த கையோடு பெருவிரலால் ஓர் அடி. கணீரென்று வீடு முழுக்கக் கேட்டது. முகத்தில் அப்படியொரு சிரிப்பு. "என்ன செற்?" என்றேன். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அண்ணா. ஃபங்குக்கு இதுதான் வேணும் எண்டு வீடியோவில சொன்னாங்க." எனக்கு எரிச்சல்தான் வந்தது, ஆனால் அவனில் அல்ல. இருபது வருடத்துக்கு முன் நான் விட்ட பிழையை அப்படியே விட்டிருந்தான், அந்தச் சிரிப்பு உட்பட.

கிற்றார்க் கம்பியைப் பேஸில் போடக்கூடாது, கம்பி மாற்றிய பிறகு சுருதி பார்க்கவேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுவோம்.

கணகணப்பைக் காசு கொடுத்து வாங்குவது

காலை ஆட்டவைக்கும் அமெரிக்க ஃபங்க் இசை என்றதும் இவர்கள் மனதில் வருவது பெருவிரல் அடி, அதாவது ஸ்லாப். அதை ஃபங்குக்குக் கொண்டுவந்தவர் லாரி கிரஹாம். தாயாரோடு வாசித்த குழுவில் ட்ரம்ஸ்காரர் இல்லாமல் போக, அந்த வேலையையும் சேர்த்துச் செய்வதற்காகத் தடித்த கம்பியைப் பெருவிரலால் அடித்து, மெல்லிய கம்பியை விரலால் சுண்டத் தொடங்கினார். ட்ரம்ஸ் இல்லாத இடத்தை நிரப்பப் பிறந்த வாசிப்பு அது. நம்மவர்களோ ட்ரம்ஸ், ஒக்டபேட், கீபோர்ட், இரண்டு கிற்றார் எல்லாம் நிற்கிற மேடையில் அதே கணகணப்பைத் தேடுகிறார்கள்.

நான் தேடியது திருகோணமலை உப்புவெளியில், ஒரு ஹோட்டல் கடற்கரையில். கச்சான் காற்று வீசுகிற மாதங்கள்தான் இங்கே வெள்ளைக்காரர் வரும் சீசன். அந்த சீசனுக்கென்று கொழும்பிலிருந்த நண்பனிடம் சொல்லி, இருந்ததிலேயே விலை கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரவுண்ட் வவுண்ட் செற் ஒன்று எடுப்பித்தேன். இரவு ரயிலில் வந்த ஒருவர் விடியற்காலை கொண்டுவந்து தந்தார். அன்று முழுக்க அறைக்குள் தனியே இருந்து அடித்துப் பார்த்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன். இரவு மேடையில் இரண்டாவது பாட்டு முடிந்ததும் கீபோர்ட்காரன் குனிந்து கேட்டான்: "மச்சான், பேஸைப் போட்டிட்டியா? கேக்குதேயில்லையடா!"

கேட்காததற்குக் காரணம் எளிது. புதுக் கம்பியின் அந்தப் பளிச்சென்ற சத்தம் முழுக்க மேல் ஸ்தாயியில் இருக்கிறது. ட்ரம்ஸின் ஹைஹாட் தட்டுகளும் கிற்றார்க்காரரின் வெட்டு வாசிப்பும் குடியிருப்பதும் அங்கேதான். மூன்றும் ஒன்றையொன்று தின்றுவிடும். அறைக்குள் அந்த இடம் காலியாக இருப்பதால் உங்களுக்கு அது அழகாகக் கேட்கிறது. சனத்தின் காலை ஆட்டவைக்கும் கனம் கீழேயும் கீழ்நடுவிலும் இருக்கிறது. அதைத்தான் நான் குமிழைத் திருகிக் குறைத்து வைத்திருந்தேன், கணகணப்பு இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று.

அதோடு விட்டேனா? நாலாம் நாள் கம்பி மந்தமாகிவிட்டது. துருப்பிடிக்காது என்று பெட்டியில் போட்டிருந்தது, துருப்பிடிக்கவில்லைதான். ரவுண்ட் என்றால் உள்ளே ஓர் உருக்குக் கம்பி, அதன்மேல் உருண்டைக் கம்பியைச் சுற்றியிருப்பார்கள். சுற்றுக்குச் சுற்று நடுவே பள்ளம். வியர்வை, தோலெண்ணெய், உப்புக்காற்றோடு வருகிற தூசி எல்லாம் அந்தப் பள்ளத்தில் போய் அடைந்தால் சத்தம் செத்துவிடும். அதற்குத் துரு தேவையில்லை. பள்ளத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்: நகக்கண்ணில் கறுப்பாகக் களிம்பு. உடனே இன்னொரு செற்றுக்குச் சொன்னேன். வாடைக்காற்று தொடங்குமுன் மூன்றாவதும் வந்துவிட்டது.

மூன்று செற்றோடும் முடியவில்லை. நம்மில் பலரின் பேஸில் கழுத்துக்குக் குறுக்கே பதித்திருக்கும் உலோகப் பட்டிகள், அதாவது ஃப்ரெட், நிக்கல் கலந்த செப்புக் கலப்புலோகம்; ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அதைவிடக் கடினம். அதன்மேல் வைத்து நான் மாதக்கணக்காகப் பெருவிரலால் அறைந்திருந்தேன். ஐந்தாம், ஏழாம் ஃப்ரெட்களில் கம்பி படுத்த இடமெல்லாம் வாய்க்கால். கொழும்புக்குக் கொண்டுபோய் ஃப்ரெட்களைத் தேய்த்துச் சமப்படுத்தினேன். அதற்குக் கொடுத்த காசு மூன்று செற்றின் விலையையும் தாண்டியது. இப்போது எழுதும்போதும் கடுப்பாக இருக்கிறது.

என் பேஸ் கொழும்பில் கிடந்த அந்த நாட்களில் ஒரு கல்யாண வீட்டு வாசிப்பு வந்தது. பறங்கியர் வீடுகளில் கப்ரிஞ்ஞாவும் பைலாவும் வாசித்த ஓர் அங்கிளிடம் பேஸ் இரவல் வாங்கினேன். அதில் இருந்தது ஃபிளாட் வவுண்ட்: உருண்டைக் கம்பிக்குப் பதிலாகத் தட்டை நாடா சுற்றியது, தொட்டால் வழவழவென்று இருக்கும். எத்தனை வருடம் பழசு என்று அவருக்கே ஞாபகமில்லை. அறைக்குள் அடித்துப் பார்த்தேன். பலகையைத் தட்டியதுபோல் 'தொம்'. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று நினைத்தபடிதான் மேடை ஏறினேன். முதல் பாட்டிலேயே ட்ரம்ஸ்காரன் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கிக் ட்ரம்மும் பேஸும் ஒரே உடம்பாக விழுந்துகொண்டிருந்தன.

அப்புறம்தான் பழைய ஆட்களைப் பற்றித் தேடி வாசித்தேன். அமெரிக்க இசைத்தட்டு நிறுவனமான மோட்டவுனின் ஜேம்ஸ் ஜாமர்சன், 1962ஆம் ஆண்டுத் தயாரிப்பான ஃபெண்டர் பிரசிஷன் பேஸில் தடித்த லா பெல்லா ஃபிளாட் போட்டு, அறுந்தாலொழிய மாற்றாமல் வாசித்தவர். இன்று நாம் கடையில் பார்க்கிற பளிச்சென்ற ரவுண்ட், 1966இல் ரோட்டோசவுண்ட் என்ற கம்பி நிறுவனம் த ஹூ குழுவின் பேஸ்காரர் ஜோன் என்ட்விசிலோடு சேர்ந்து உருவாக்கியது. அவர் வாசித்தது ரொக். டவர் ஒஃப் பவர் குழுவின் ரொக்கோ பிரெஸ்டியா விரலால் பொரித்த ஃபங்கில் பாதி, இடக்கையால் அமுக்கி அடக்கிய சுரங்கள். அதற்குக் கணகணப்பு எதற்கு?

ஸ்லாப் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு நிக்கல் பூசிய ஸ்டீல் ரவுண்ட் போதும். ஸ்டெயின்லெஸ்ஸைவிட மென்மை, ஃப்ரெட்டை அவ்வளவு தின்னாது. போட்டு ஒரு கிழமை வீட்டில் வாசியுங்கள். முதல் நாள் பளபளப்பு இறங்கிய பிறகு நிற்கிற சத்தம்தான் மேடையில் உங்களோடு நிற்கப்போவது. கடையில் கேட்கவேண்டியதும் அதைத்தான். பெரும்பாலும் விரலால் வாசிப்பவர் என்றால் ஃபிளாட்டை ஒருமுறையாவது போட்டுப் பாருங்கள். அதன் பள்ளமில்லாத உடம்பில் நம் ஊர் உப்புக்கும் வியர்வைக்கும் அடைய இடம் குறைவு. வாடைக்காலத்தில் இது பெரிய நிம்மதி.

தடிப்பை மாற்றிவிட்டுக் கழுத்தை மறப்பது

பெட்டியில் 45–105 என்றிருந்தால் மெல்லிய கம்பி ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 45 பங்கு, தடித்தது 105 பங்கு. ஸ்லாப்புக்கு இலகு என்று 40–100க்கு இறங்குவார்கள். நல்லதுதான். ஆனால் கம்பியின் இழுவை குறைந்ததும் கழுத்தின் வளைவு குறையும், கம்பி தாழும், ஃப்ரெட்டில் உரசிக் கரகரக்கும். உடனே "கம்பி சரியில்லை" என்று கடைக்காரரோடு சண்டை. கழுத்துக்குள் ஓடுகிற இரும்புக் கோலை (ட்ரஸ் ரொட்) கால் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி, ஒரு நாள் விட்டுப் பார்த்தால் முடிகிற விஷயம். தடிப்பான செற்றுக்கு ஏறுகிறவர்கள் தலைப்பக்கத்தில் கம்பி தங்குகிற நட்டின் பள்ளத்தில் கம்பி முழுதாக இறங்குகிறதா என்றும் பார்க்கவேண்டும்.

நீளம் பாராமல் வாங்குவது

கம்பி அதிரும் நீளம் 34 அங்குலமான பேஸுக்கு லோங் ஸ்கேல் செற், 30க்கு ஷோர்ட். உடம்புக்குப் பின்னாலிருந்து கம்பி கோர்க்கும் பேஸ் என்றால் இன்னும் நீளம் தேவை. அளந்துகொண்டு கடைக்குப் போங்கள்.

மடிக்காமல் வெட்டுவது

சுருதி முறுக்கும் கீயைத் தாண்டி நாலைந்து அங்குலம் விட்டு, முதலில் செங்கோணமாக மடியுங்கள், மடிப்புக்கு அப்பால் வெட்டுங்கள். மடிக்காமல் வெட்டினால் மேற்சுற்று நழுவி, புதுக் கம்பி அன்றைக்கே செத்துவிடும்.

அவித்தால் புதுசாகும் என்று நம்புவது

ஆகும். இரண்டு மூன்று நாளைக்கு.

கழற்றியதை எறிவது

நல்லாய் இருந்த பழைய செற்றைத் துடைத்துச் சுருட்டி உறைக்குள் வையுங்கள். ஒருமுறை ஞாயிற்றுக்கிழமை இரவு, நிலாவெளியில், இடைவேளைக்குச் சற்று முன் என் ஜி கம்பி அறுந்தது. திறந்திருந்த ஒரே கடையில் மீன்பிடி நைலோன் தூண்டில்தான் இருந்தது.