'வுட்?' பாட்டை ஜாம் ரூமில் ஏற்றுவது எப்படி

1992-இல் வந்த 'சிங்கிள்ஸ்' படம் சியாட்டில் ராக் வட்டாரத்தைத் திரைக்குக் கொண்டுவந்தது. அந்தப் படத்துக்கு ஆலிஸ் இன் செயின்ஸ் என்ற ராக் குழு கொடுத்த பாட்டு 'வுட்?' (Would?). 1990-இல் இறந்துபோன சியாட்டில் பாடகர் ஆண்ட்ரூ வுட்டை நினைத்து குழுவின் கிட்டாரிஸ்ட் ஜெர்ரி கான்ட்ரெல் எழுதியது. அந்தத் துக்கத்தைத் தாங்குவது பேஸ் கிட்டாரும் டிரம்ஸின் டாம்களும்தான். கிட்டாரின் கரகரப்பை (டிஸ்டார்ஷன்) கூட்டினால் பாட்டு செத்துவிடும்.

பெங்களூரில் அல்சூரானாலும் கோரமங்கலாவானாலும், குழுக்கள் ஒத்திகை பார்க்கும் ஜாம் ரூமுக்கு மணிக்கணக்கில்தான் வாடகை. அதனால் ட்யூனிங்கை வீட்டிலேயே முடித்துவிடுங்கள். கிட்டாரும் பேஸும் அரை ஸ்வரம் கீழே இறங்க வேண்டும். கிட்டாரில் தடித்த கம்பியிலிருந்து ஈ ஃபிளாட், ஏ ஃபிளாட், டி ஃபிளாட், ஜி ஃபிளாட், பி ஃபிளாட், ஈ ஃபிளாட். ஒவ்வொரு கம்பியையும் வேண்டியதற்குச் சற்றுக் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நிறுத்துங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் கம்பியை முதல்முறை வளைத்து இழுக்கும்போதே (பெண்ட்) சுருதி நழுவும். 9 கேஜ் என்ற மெல்லிய கம்பி தொளதொளக்கும், கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே சுருதி ஏறிவிடும். 10 அல்லது 11 போடுங்கள். ஃப்ளாய்ட் ரோஸ் பிரிட்ஜ் (ஸ்பிரிங்கில் மிதக்கும் கம்பித் தாங்கி) உள்ள கிட்டார் வேண்டாம்: கம்பி இழுவை குறைந்ததும் பிரிட்ஜ் சாயும், அதைச் சரிசெய்யவே அரை மணி நேரம் போய்விடும்.

வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 பீட். தாளம் தட்டும் மெட்ரோனோமில் முதலில் மெதுவாக 85 வைத்து பேஸும் டிரம்ஸும் மட்டும் முதலில் வாசிக்கட்டும். பேஸ் கிட்டாரில் இறக்கிய தடித்த கம்பியின் ஒலி 39 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். சின்ன பேஸ் ஆம்ப் அதைச் சரியாகத் தராது. ஆம்ப்பின் பேஸ் குமிழைக் கூட்டினால் அறைதான் அதிரும், ஸ்வரம் தெளியாது. நடு ஒலிகளை (மிட்ஸ்) கொஞ்சம் ஏற்றுங்கள். கிட்டார் ஆம்ப்பில் பேஸ் குமிழைக் குறைத்து பேஸ் கிட்டாருக்கு இடம் விடுங்கள்; கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழ் பாதிக்கு மேல் போக வேண்டாம். ஃப்ளோர் டாம் தோல் பழசாகி உறுமினால், ஓரத்தில் ஒரு கைக்குட்டையை மடித்து டேப் போட்டு ஒட்டினால் போதும்.

குரல் இரண்டு வேண்டும். சரணத்தில் கான்ட்ரெல்லின் தணிந்த குரல், கோரஸில் குழுவின் பாடகர் லேன் ஸ்டேலி எழும்பி வருவார். ஒருவரே இரண்டையும் பாடினால் அந்த எழுச்சியே தெரியாது. மானிட்டர் ஸ்பீக்கர் மைக்கின் பின்பக்கம் இருக்கட்டும், இல்லாவிட்டால் கோரஸில் மைக் கூவும்.

ஃபோனை எதிர் மூலையில் வைத்து ஒருமுறை பதிவு செய்யுங்கள். சரணத்தில் பேஸ் கேட்கவில்லையென்றால் கிட்டாரைக் குறையுங்கள், பேஸை ஏற்றாதீர்கள்.

முடிவைத் தனியாகப் பத்து முறையாவது வாசியுங்கள். கடைசி வரி ஒரு கேள்வி. அதோடு எல்லாம் சட்டென்று அறுந்துவிடும். கிட்டாரும் பேஸும் உள்ளங்கையால் கம்பிகளை மூட, டிரம்மர் அதே நொடியில் சிம்பலைக் கையால் பிடிக்க வேண்டும். ஆம்ப் இரைந்தால் கிட்டாரின் வால்யூம் குமிழையும் சுண்டுவிரலால் பூஜ்யத்துக்குத் தள்ளிவிடுங்கள்.