எச்எஸ்பி70 வைரஸுக்கு உதவுகிறதா? சோதித்துப் பார்க்கும் முறை

எச்எஸ்பி70 என்பது மற்ற புரதங்கள் சரியாக மடிய உதவும் செல் புரதம். செடி வைரஸின் புரதத்தோடு அது ஒட்டியிருப்பதைக் கண்டதும் முடிவு எழுதிவிடக் கூடாது. சரியாக மடியாத எந்தப் புரதத்தோடும் அது ஒட்டும்; அதன் வேலையே அதுதான். அதை எடுத்துவிட்டால் வைரஸ் பெருக்கம் குறைகிறதா என்பதே கேள்வி.

புகையிலையின் உறவான நிகோட்டியானா பெந்தமியானா செடியில் டிஆர்வி (புகையிலை ரேட்டில் வைரஸ்) வழி மரபணு முடக்கத்தில் தொடங்கலாம்: முடக்க வேண்டிய மரபணுவின் துண்டை இந்த வைரஸில் ஏற்றிச் செடிக்குள் அனுப்புவதே முறை. எச்எஸ்பி70 குடும்பத்து மரபணுக்கள் ஒன்றையொன்று ஒத்தவை. ஒன்றை மட்டும் முடக்க வேண்டுமானால் 3' முனையின் மொழிபெயராப் பகுதியிலிருந்து (புரதமாக மாறாத கடைசிப் பகுதி) சுமார் 300 கார இணை நீளத் துண்டு எடுங்கள். அந்த டிஆர்வியைச் செடிக்குள் கொண்டு செல்லும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவை 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 10 மில்லிமோலார் எம்இஎஸ் (பிஎச் 5.6), 150 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் கலந்த கரைசலில் ஓடி600 (கலங்கல் அளவு) = 0.5 ஆகும்படி கரைத்து, 3 மணி நேரம் அறை வெப்பத்தில் வைத்துவிட்டு, நான்கு இலைப் பருவச் செடிகளில் செலுத்துங்கள். பிறகு 22 டிகிரியில் வளருங்கள். வெப்பம் கூடினால் எச்எஸ்பி70 தானாகவே ஏறிவிடும்.

ஒப்பீட்டுச் செடிகளுக்கு ஜிஎஃப்பி (செடியில் இல்லாத பச்சை ஒளிர் புரதம்) மரபணுவின் துண்டு தாங்கிய டிஆர்வி கொடுங்கள். வெற்று டிஆர்வி செடியைக் கடுமையாகத் தாக்குவதால் ஒப்பீடு கெடும். முடக்கம் வேலை செய்வதைக் கண்ணால் காண, நிறமி உருவாக்கத்துக்கு வேண்டிய பிடிஎஸ் மரபணுவைச் சில செடிகளில் முடக்குங்கள்; அவற்றின் புது இலைகள் சுமார் இரண்டு வாரத்தில் வெளுக்கும். அதன்பின் ஆய்வு வைரஸைத் தடவுங்கள். வைரஸைத் தடவ உதவும் கார்போரண்டம் என்ற உராய்வுத் தூள் தேய்த்த காயமே அழுத்தப் புரதங்களைத் தூண்டும், ஆகவே வைரஸ் இல்லாத தாங்கல் கரைசலால் தேய்த்த செடிகளும் வேண்டும். முடக்கம் எவ்வளவு, வைரஸ் எவ்வளவு என்பதை ஒரே இலையில் ஆர்டி-கியூபிசிஆர் (ஆர்என்ஏ அளவைக் காட்டும் சோதனை) கொண்டு அளவிடுங்கள். டிஆர்வியும் வைரஸ்தான்; அதன் அளவையும் பாருங்கள்.

புரதங்கள் மடிய உதவும் இன்னொரு புரதமான எச்எஸ்பி90-ஐ முடக்குவோர் கவனிக்க: செடி குட்டையாகும். புகையிலையின் 'என்' (N) என்ற மரபணு தரும் டிஎம்வி (புகையிலை மொசைக் வைரஸ்) எதிர்ப்புக்கும் அந்தப் புரதம் தேவை. எனவே அங்கே வைரஸ் கூடினால், எச்எஸ்பி90 வைரஸை நேரடியாகத் தடுக்கிறது என்று பொருளாகாது. செடியின் காவல் சரிந்திருக்கலாம்.

மருந்து வழிச் சோதனையில் எச்எஸ்பி70 உற்பத்தியைக் குறைக்கும் குவெர்செட்டின் எளிது, ஆனால் அது ஆக்சிஜனேற்றத்தையும் தடுப்பதால் அதன் சாட்சி தனியே நிற்காது. விஇஆர்-155008 என்ற மருந்து எச்எஸ்பி70-இன் ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு) பிணைப்பிடத்தைக் குறிவைக்கிறது. எந்த மருந்தானாலும் அதைக் கரைக்கும் டிஎம்எஸ்ஓ மட்டும் அதே அளவு பெற்ற இலைகள் வேண்டும்.

குறிச்சொல் (டேக்) இணைத்த வைரஸ் புரதத்தை மணிகளில் பிடித்து, அதோடு எச்எஸ்பி70 வருகிறதா என்று பிணைப்பை இழுத்துப் பார்க்கும்போது, பிரித்தெடுக்கும் கரைசலில் அப்பைரேஸ் என்ற நொதியைச் சேர்த்து ஏடிபியை அழித்துவிடுங்கள். ஏடிபி இருந்தால் எச்எஸ்பி70 பிடியை விடும். பிறகு மணிகளை 5 மில்லிமோலார் ஏடிபி, மெக்னீசியத்தோடு கழுவுங்கள். கழன்று வருவது எச்எஸ்பி70-இன் பிடியிலிருந்தது. வராமல் நிற்பதில் மணியில் சும்மா ஒட்டியதும் இருக்கலாம். அதே குறிச்சொல் தாங்கிய, தொடர்பில்லாத புரதம் ஒன்றையும் அதே அளவில் வெளிப்படுத்திப் பக்கத்தில் ஓட்டுங்கள். மிகையாக வெளிப்படுத்தினால் அதுவும் எச்எஸ்பி70-ஐ இழுக்கும், வைரஸ் புரதமும் இழுக்கும்.

குளோஸ்டிரோ வைரஸ்கள் என்ற செடி வைரஸ் குடும்பத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: அவை எச்எஸ்பி70 போன்ற புரதத்தைத் தம் மரபணுத்தொகுதியிலேயே வைத்திருக்கின்றன. பிரைமரும் ஆன்டிபாடியும் செடியினுடையதை மட்டும் பிடிக்கின்றனவா என்பதை முதலிலேயே சோதித்துவிடுங்கள்.