சிங்கப்பூர் நூலகங்களில் இலவச வைஃபை: எந்தப் பெயரைத் தட்டுவது, பக்கம் திறக்காவிட்டால் என்ன செய்வது

சிங்கப்பூரில் தேசிய நூலக வாரியத்தின் நூலகங்களில் கைப்பேசியைத் திறந்தால் வயர்லெஸ்@எஸ்ஜி, வயர்லெஸ்@எஸ்ஜிஎக்ஸ் என்று இரண்டு பெயர்கள் தெரியும். இரண்டும் 2006-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தைச் சேர்ந்தவை, இரண்டும் இலவசம். நூலக உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

உள்ளூர் சிம் வைத்திருந்தால் தயங்காமல் எக்ஸ் உள்ள பெயரையே தட்டுங்கள். அதில் கைப்பேசிக்கும் வைஃபை கருவிக்கும் நடுவே போகும் தகவல் பூட்டப்பட்டிருக்கும். மற்றது திறந்த இணைப்பு. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1 சிம் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அந்தப் பெயரைத் தட்டியதும் ‘ஈஏபி மெத்தட்’ என்று கேட்கும். ‘சிம்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். இணையவில்லையா? அதே இடத்தில் ‘ஏகேஏ’ என்று மாற்றிப் பாருங்கள். இரண்டு சிம் போட்டிருந்தால் உள்ளூர் சிம்மைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் வரும். கடவுச்சொல் எதுவும் கிடையாது. ஒருமுறை இணைந்துவிட்டால் அடுத்த நூலகத்தில் தானாகவே பிடித்துக்கொள்ளும். மடிக்கணினிக்கு வயர்லெஸ்@எஸ்ஜி செயலி தேவை. வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொண்டு வாருங்கள்.

ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருப்பவர்களுக்குத் திறந்த இணைப்புதான் வழி. வயர்லெஸ்@எஸ்ஜியைத் தட்டினால் ஒரு பக்கம் திறக்கும். கைப்பேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு (இந்தியாவுக்கு 91, இலங்கைக்கு 94) கொடுத்தால் குறுஞ்செய்தியில் ஓடிபி வரும். ஊர் சிம்மில் ரோமிங் வேலை செய்தால்தான் அது வந்து சேரும். ஆகவே ரோமிங்கை விமானம் ஏறும் முன்பே போட்டு வைக்கச் சொல்லுங்கள். டேட்டா ரோமிங் அணைந்தே இருக்கட்டும். குறுஞ்செய்திக்கு அது தேவையில்லை. ஏரோப்பிளேன் மோடு போட்டிருந்தாலும் ஓடிபி வராது.

சில வேளை இணைந்ததாகக் காட்டும், ஆனால் அந்தப் பக்கம் திறக்கவே திறக்காது. பலர் இந்த இடத்தில் கைவிட்டு விடுகிறார்கள். நீங்கள் கேட்கும் முகவரியை வழிமறித்துத் தன் பக்கத்தைக் காட்டுவதுதான் இந்த ஏற்பாட்டின் முறை. எச்டிடிபிஎஸ் என்று தொடங்கும், தகவலைப் பூட்டி அனுப்பும் தளங்களை அப்படி வழிமறிக்க முடியாது, உலாவி தடுத்துவிடும். ‘எஸ்’ இல்லாத எச்டிடிபி முகவரி ஒன்றைத் தட்டச்சு செய்யுங்கள், நெவர்எஸ்எஸ்எல்.காம் இதற்கென்றே இருக்கிறது. அப்படியும் வராவிட்டால் விபிஎன் (இணையத் தகவலை வேறொரு கணினி வழியாகத் திருப்பி அனுப்பும் செயலி) ஓடுகிறதா என்று பார்த்து அணையுங்கள். அடுத்து, ஆண்ட்ராய்டு அமைப்புகளில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ என்ற இடத்துக்குப் போங்கள். தளத்தின் பெயரை வைத்து அது இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் சேவைதான் டிஎன்எஸ். விளம்பரத் தடுப்புக்காக அங்கே ஏதாவது முகவரி போட்டு மறந்திருப்பீர்கள். உள்நுழையும் முன் அந்த முகவரியை எட்ட வழி இருக்காது, அதனால் எந்தத் தளமும் திறக்காது. ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றினால் சரியாகிவிடும். மொபைல் டேட்டாவையும் கொஞ்ச நேரம் அணையுங்கள். வைஃபையில் இணையம் இல்லை என்று நினைத்துக் கைப்பேசி தானாக டேட்டாவுக்குத் தாவிவிடும். கடைசியாக, அந்த வைஃபையை ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு மறுபடி இணையுங்கள்.

பக்கம் திறந்து, அது வங்கி அட்டை எண்ணையோ சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் மின்னடையாளம்) கடவுச்சொல்லையோ கேட்டால் உடனே வெளியேறுங்கள். அதே பெயரில் யார் வேண்டுமானாலும் போலி வைஃபை வைக்க முடியும். இலவசச் சேவைக்கு அட்டை எண் எதற்கு? திறந்த இணைப்பில் இருக்கும்போது பணப் பரிமாற்றத்தையும் தள்ளிப்போடுவது நல்லது.

வேகம் மின்னஞ்சலுக்கும் படிவம் நிரப்பவும் வீடியோ அழைப்புக்கும் போதும். பெரிய கோப்புகளைக் கூட்டம் குறைந்த காலை வேளையில் இறக்குங்கள். மின்செருகி உள்ள இருக்கைகள் சீக்கிரம் நிரம்பிவிடும். ஓ நிலை, ஏ நிலைத் தேர்வுகள் நடக்கும் அக்டோபர், நவம்பரில் மாணவர்கள் கதவு திறக்கும் முன்பே வரிசையில் நிற்பார்கள். அந்த மாதங்களில் பவர்பேங்க் கொண்டுபோங்கள்.