எந்த ஐ5? குறைந்த பட்ஜெட்டில் பிராசசர் வாங்கும் முறை

"ஐ5, 16 ஜிபி ரேம், 512 எஸ்எஸ்டி, புது கம்ப்யூட்டர்" என்று நம்ப முடியாத விலையில் விளம்பரம் வந்தால் நம்பவே வேண்டாம். ஐ5 என்பது இன்டெல் நிறுவனத்தின் பிராசசர் (கம்ப்யூட்டரின் மூளையான சிப்) வரிசை; அதில் பழையதும் உண்டு, புதியதும் உண்டு. உள்ளே இருப்பது பெரும்பாலும் 2012-இல் வந்த ஐ5-3470 போன்ற ஒன்று. போர்டு (பிராசசர் உட்காரும் மதர்போர்டு) மட்டும் புதிது. எச்61 என்ற பழைய சிப்செட்டில் (போர்டில் உள்ள துணைச் சிப்) இன்னும் புது போர்டுகள் கிடைக்கின்றன. பிராசசரோ எங்கோ ஒரு ஆபீஸில் பல வருடம் ஓடிக் கழித்துப் போட்டது. 4 கோர் (வேலை செய்யும் பகுதி), 4 திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை), பழைய டிடிஆர்3 வகை ரேம். விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது.

படி 1: முழு நம்பரைக் கேளுங்கள்

"அண்ணே, ஐ5-ல எந்த மாடல்? முழு நம்பர் சொல்லுங்க." இதற்குப் பதில் வராத கடையில் மேற்கொண்டு பேச வேண்டாம். பதில் வந்தால் அதை வாட்ஸ்ஆப்பில் கொட்டேஷனாக வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்டெலில் ஐந்து இலக்கம் இருந்தால் முதல் இரண்டு இலக்கம் தலைமுறை. 12400 என்றால் 12-ஆம் தலைமுறை. நான்கு இலக்கம்தான் என்றால் முதல் இலக்கம்: 3470 மூன்றாவது, 6500 ஆறாவது. டெஸ்க்டாப்பில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியல் அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியில் ரைசன் 3 2200ஜி அந்தப் பட்டியலில் இல்லை, 3200ஜி உண்டு.

ஐ3 என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று: ஐ3-12100-இல் 4 கோர், 8 திரெட். ஒரு காலத்தில் பெரிய பிராசசராக இருந்த ஐ7-4770-ஐ அது எளிதில் முந்திவிடும்.

படி 2: கடைசி எழுத்தைப் பாருங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். இன்டெல் நம்பருக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. ஐ5-12400எஃப் விலை குறைவு என்று வாங்கி வந்து, மானிட்டர் கேபிளை போர்டில் செருகினால் ஃபேன் ஓடும், விளக்கு எரியும், திரை கறுப்பாகவே இருக்கும். பழுது எதுவும் இல்லை, படம் காட்ட உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான். தனியாக கிராபிக்ஸ் கார்டு வாங்கினால்தான் தீரும். மிச்சம் பிடித்ததைவிட அதற்கு அதிகம் ஆகும்.

ஏஎம்டியில் வேறு கணக்கு. ரைசன் 5 5600, 5500 இரண்டிலும் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-யில் உண்டு. 7600-இல் எழுத்து எதுவும் இல்லாமலே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது, 7500எஃப்-இல் இல்லை.

படி 3: வேலைக்கு ஏற்ப முடிவு செய்யுங்கள்

இ-சேவை, கேரளத்தின் அக்ஷயா மையம், டேலி, ஆன்லைன் வகுப்பு: ஐ3-12100 தாராளம்.

ஸ்டூடியோவில் ஆல்பம் டிசைன்: ஐ5-12400 (6 கோர், 12 திரெட்), ரேம் 16 ஜிபிக்குக் குறையக் கூடாது.

கல்யாண வீடியோ எடிட்டிங் என்றால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். சோனி ஏ7 IV போன்ற கேமராக்களில் 10-பிட் 4:2:2 எச்.265 என்ற சுருக்க முறையில் எடுத்தவற்றை இன்டெலின் உள் கிராபிக்ஸ் ஹார்டுவேரிலேயே விரித்துவிடும். கிராபிக்ஸ் கார்டு நிறுவனமான என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய கார்டுகளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே கார்டு வாங்கப் போகிறவர்களும் 12400எஃப்-ஐ விட்டு 12400-ஐ எடுப்பதே மேல்.

கார்டு இல்லாமல் சின்ன கேம்கள்: 5600ஜி. கார்டோடு கேம்: 12400எஃப் அல்லது ரைசன் 5 5600. எஃப் மாடலுக்கு உரிய இடம் இதுதான்.

படி 4: பிராசசர், போர்டு, ரேம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள்

தனி விலையைப் பார்த்து முடிவு செய்தால் கணக்கு தவறும். 5600ஜி உட்காரும் ஏஎம்4 சாக்கெட் (பிராசசர் பொருந்தும் இடம்) போர்டுக்கு டிடிஆர்4 ரேம். 7600, 8600ஜி உட்காரும் ஏஎம்5-க்கு டிடிஆர்5 மட்டுமே. 12-ஆம் தலைமுறை இன்டெலுக்கு இரண்டு வகை போர்டும் உண்டு. ஆனால் ஒன்றின் ரேம் மற்றதில் செருகவே செருகாது. 2025 கடைசியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால், வாங்கும் நாளில் மூன்றின் கூட்டுத் தொகையை இரண்டு கடையிலாவது ஒப்பிடுங்கள்.

உள் கிராபிக்ஸை நம்பி இருப்பவர்கள் ஒரே 16 ஜிபி ஸ்டிக்குக்குப் பதில் 8+8 போடுங்கள். உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் இல்லை, ரேமைத்தான் பகிர்கிறது. இரண்டு ஸ்டிக் இருந்தால் தரவு வரும் பாதை இரட்டிப்பாகும். 5600ஜி-யில் கேம் ஓடும்போது வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். எச்610 சிப்செட் போர்டில் ரேம் இடம் இரண்டுதான் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பி450 போன்ற பழைய போர்டில் 5600ஜி போடுவதாக இருந்தால், பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் செய்து தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் திரை வராது.

படி 5: கடையில் பணம் கொடுக்கும் முன்

மார்த்தாண்டத்தில் வாங்கினாலும் களியக்காவிளை தாண்டி திருவனந்தபுரத்தில் வாங்கினாலும் ஜிஎஸ்டி ஒரே 18 சதவீதம்தான். எல்லை கடப்பதால் வரியில் லாபமில்லை. வாரண்டிக்காகத் திரும்ப அலையும் பஸ் செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

சீல் உடையாத பாக்ஸ் பிராசசருக்கு நிறுவனமே 3 வருட வாரண்டி தரும். ட்ரே பிராசசர் (பாக்ஸ் இல்லாமல் தனியாக விற்பது) என்றால் கூலர் (பிராசசரைக் குளிர்விக்கும் ஃபேன்) வராது, வாரண்டி பெரும்பாலும் கடைக்காரர் தருவதோடு சரி. பில்லில் முழு மாடல் நம்பரும் சீரியல் நம்பரும் இருக்கட்டும்.

இன்டெல் போர்டில் சாக்கெட் மூடியைத் திறந்து பின்கள் வளையாமல் இருக்கின்றனவா என்று உங்கள் கண் முன்னே பார்க்கச் சொல்லுங்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைக்காது. அந்த பிளாஸ்டிக் மூடியையும் வாங்கி பத்திரமாக வையுங்கள், போர்டை சர்வீஸுக்கு அனுப்பும்போது கேட்பார்கள்.

அசெம்பிள் செய்து முடித்ததும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போங்கள். 12400 என்றால் கோர் 6, லாஜிக்கல் பிராசசர் 12 என்று காட்ட வேண்டும். மெமரி பகுதியில் ரேம் வேகமும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். 3200 வேக ரேம் 2666 என்று காட்டினால் பயாஸில் எக்ஸ்எம்பியை (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யச் சொல்லுங்கள்.

பிறகு எச்டபிள்யூ மானிட்டர் என்ற மென்பொருளில் பிராசசரின் வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 70 டிகிரியைத் தாண்டினால் கூலர் சரியாக உட்காரவில்லை. இன்டெல் கூலரின் நான்கு பின்னில் ஒன்று பூட்டாமல் நிற்பதுதான் வழக்கமான காரணம். கடையை விட்டு வெளியே வரும் முன்பே அதைச் சரிசெய்து வாங்குங்கள்.