தாராவி முதல் செம்பூர் வரை: நம் பகுதித் தொண்டு அமைப்புகளைக் கணக்கெடுப்பது எப்படி?

மகாராஷ்டிரத்தில் தொண்டு அமைப்புகள் எத்தனை என்று கேட்டால், எந்தப் பதிவேட்டைத் திறக்கிறோமோ அதற்கேற்ப விடை மாறும். மத்தியப் புள்ளியியல் அலுவலகம் நாடு முழுக்க எடுத்து 2012-இல் வெளியிட்ட கணக்கில் 31 லட்சத்துக்கு மேற்பட்ட அமைப்புகள் காகிதத்தில் இருந்தன. அவற்றில் பெரும்பகுதியை ஊழியர்கள் நேரில் தேடிப் போனார்கள். கண்டுபிடிக்க முடிந்தவை 7 லட்சத்துக்கும் சற்றுக் குறைவு. படிப்புக்கு உதவித்தொகை தேடும் பெற்றோருக்கும், நன்கொடை கொடுக்க நினைப்பவருக்கும் இந்தப் பெரிய எண்ணால் பயன் இல்லை. அவர்களுக்கு வேண்டியது, தங்கள் பகுதியில் உயிரோடு இயங்கும் அமைப்புகளின் பட்டியல். நான்கைந்து பேர் சேர்ந்தால் அதை எடுத்துவிடலாம்.

முதலில் எல்லையைச் சிறிதாக வையுங்கள். தாராவி, மும்பை மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டில் வருகிறது. மாட்டுங்காவும் சயானும் எஃப் வடக்கில். செம்பூர் எம் மேற்கில். ஒரு முழு வார்டை எடுத்தால் பாதியில் சோர்ந்துவிடுவீர்கள். தாராவியின் 90 அடி சாலையின் இரு பக்கம், அல்லது ஒரு நகர் என்று தொடங்குங்கள். நோட்டில் ஒவ்வோர் அமைப்புக்கும் பெயர், பதிவு எண், பான் எண், முகவரி, கடைசியாகத் தணிக்கைக் கணக்கு கொடுத்த ஆண்டு, செய்யும் வேலை, நேரில் பார்த்த தேதி ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டம் வேண்டும். பெயருக்கு மட்டும் இரண்டு கட்டம் ஒதுக்குங்கள்: பலகையில் இருப்பது ஒன்று, பதிவேட்டில் இருப்பது இன்னொன்று. ‘சங்கம்’ என்பதையே பதிவேட்டில் மூன்று நான்கு விதமாக எழுதியிருப்பார்கள், சில இடங்களில் ‘சங்க்’ என்றே இருக்கும்.

எதைச் சேர்க்கக் கூடாது என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள். மும்பையில் ‘சொசைட்டி’ என்றாலே வீட்டுவசதிச் சங்கம்தான் நினைவுக்கு வரும். அது 1960-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டத்தின்கீழ் வருவது. இந்தப் பட்டியலில் அதற்கு இடமில்லை. பெண்கள் மாதாமாதம் பணம் சேர்க்கும் பசத் கட், அதாவது சுய உதவிக் குழு, சேவை செய்தாலும் பதிவு பெற்ற தொண்டு அமைப்பு அன்று. இவற்றைக் கடைசிப் பக்கத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், விட்டுவிட வேண்டாம். கணபதி, நவராத்திரிப் பந்தலுக்காகவோ ஊர்த் திருவிழாவுக்காகவோ சந்தா பிரிக்கும் மண்டல்களில், அதாவது விழாக் குழுக்களில், பல நிரந்தரப் பதிவு இல்லாதவை. பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41சி பிரிவின்கீழ், அறக்கட்டளைகளைப் பதியும் அதிகாரியான சாரிட்டி கமிஷனரிடம் தற்காலிக அனுமதி வாங்கியே அவை பணம் திரட்ட வேண்டும். ரசீதுப் புத்தகத்தில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி முக்கியமான வேலை: பதிவு எண்ணைப் படிப்பது.

தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரத்தைப் பதிந்தால் பதிவு முடிந்தது. இங்கே அப்படியில்லை. 1950-இல் பம்பாய்ப் பொது அறக்கட்டளைச் சட்டமாக வந்து, இன்று மகாராஷ்டிரப் பொது அறக்கட்டளைச் சட்டம் என்று பெயர் மாறியிருக்கும் சட்டத்தின்படி, கோயிலோ பள்ளியோ மருத்துவமனையோ சாரிட்டி கமிஷனரிடம் பதிய வேண்டும். மராட்டியில் அவரைத் தர்மாதாய ஆயுக்த என்பார்கள். தலைமை அலுவலகம் வொர்லியில், டாக்டர் அன்னி பெசன்ட் சாலையில் இருக்கிறது. அறக்கட்டளை உருவான மூன்று மாதத்துக்குள் 18-ஆம் பிரிவின்படி விண்ணப்பிக்க வேண்டும். கோயிலுக்கு இந்து அறநிலையத் துறையைத் தேடாதீர்கள், அப்படியொரு துறை இங்கே இல்லை. தனிச் சட்டம் கொண்ட சித்திவிநாயகர் கோயில் போன்ற சில தவிர, கோயில்களும் இதே கமிஷனரின் பதிவேட்டில்தான்.

அந்தப் பதிவு எண்ணை எல்லோரும் பி.டி.ஆர். (பொது அறக்கட்டளைப் பதிவேட்டு) எண் என்பார்கள். அதன் முதல் எழுத்தே பாதிச் செய்தியைச் சொல்லிவிடும். ஏ என்றால் இந்துக்களுக்கான அறக்கட்டளை. பி முஸ்லிம்களுக்கானது, சி பார்சிகளுக்கானது, டி மற்றச் சமயத்தாருக்கானது. இ என்பது சமய வேறுபாடு இல்லாத பொது அறக்கட்டளை. எஃப் என்பது 1860-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டப்படி, குறைந்தது ஏழு பேர் சேர்ந்து தொடங்கிய சங்கம். வக்ஃப் சொத்துகளுக்கு வாரியம் தனி. பி எழுத்தில் கிடைக்காவிட்டால் அங்கே பார்க்க வேண்டும்.

எண்ணிக்கை கெடுவது பெரும்பாலும் எஃப் எழுத்தில்தான். சங்கத்துக்கு இங்கே இரண்டு பதிவு: 1860 சட்டத்தில் ஒன்று, பொது அறக்கட்டளைச் சட்டத்தில் இன்னொன்று. முதல் எண்ணின் முடிவில் ஜி.பி.பி.எஸ்.டி. என்று வந்தால் அது பெருமும்பை, புறநகர் மாவட்டச் சங்கம். இரண்டாவது எஃப் என்று தொடங்கும். ஒரே லெட்டர்ஹெட்டில் இரண்டும் இருக்கும். தெரியாமல் இரண்டு வரியாக எழுதினால் ஓர் அமைப்பு இரண்டாகிவிடும். இன்னொரு தவறு, எண்ணுக்குப் பின்னால் வரும் ஊர்ப் பெயரை விட்டுவிடுவது. மும்பையிலும் தானேயிலும் ஒரே எஃப் எண் இருக்கலாம். ‘எஃப்-1234 மும்பை’ என்று ஊரோடு சேர்த்தே எழுதுங்கள்.

மூன்றாவது வகை, லாப நோக்கற்ற நிறுவனம். 2013 நிறுவனச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் வருவது. பழையவை 1956 சட்டத்தின் 25-ஆம் பிரிவில் பதிந்தவை. இவற்றின் அடையாள எண்ணில் எழுத்துகளும் இலக்கங்களும் சேர்ந்து 21 இருக்கும். 13 முதல் 15 வரையான இடங்களில் என்.பி.எல். என்றிருந்தால் லாப நோக்கற்றது என்று பொருள். நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் பெயரை இட்டுத் தேடினால் அது இயங்குகிறதா, நீக்கப்பட்டதா என்பது தெரியும்.

அடுத்து, உயிர் இருக்கிறதா என்று பார்ப்பது. சாரிட்டி கமிஷனர் தளத்தில் பெயரையோ எண்ணையோ கொண்டு தேடுங்கள். பெயரில் தேடி வரவில்லை என்றால் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். எழுத்துக்கூட்டை மாற்றி, பெயரின் ஒரே ஒரு சொல்லைக் கொண்டு மீண்டும் தேடுங்கள். பிறகு முதலாம் அட்டவணையின் நகலைப் பாருங்கள். பேச்சில் ‘ஷெட்யூல் ஒன்’ என்பது இதுதான். அறங்காவலர்கள் யார், அடுத்தவர் எப்படி வருவார், நோக்கம் என்ன, நிலம் கட்டடம் எவை என்பதெல்லாம் அதில் இருக்கும்.

காலமானவர்களின் பெயர்கள் அதில் இன்னும் இருப்பதைக் கண்டு அமைப்பே போலி என்று நினைக்காதீர்கள். அறங்காவலர் மாறினால் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 22-ஆம் பிரிவின்படி 90 நாளுக்குள் சேஞ்ச் ரிப்போர்ட், அதாவது மாற்ற அறிக்கை, கொடுக்க வேண்டும். கொடுத்தாலும் தேர்தல் பற்றி ஒருவர் ஆட்சேபம் எழுப்பினால் அது விசாரணைக்குப் போய் நிலுவையில் கிடக்கும். அதுவரை பழைய பெயர்களே நிற்கும். ஆகவே பெயர்களைவிடத் தணிக்கை நம்பகமான அளவுகோல். கணக்கு ஆண்டு மார்ச் 31-இல் முடிகிறது, ஆறு மாதத்துக்குள் தணிக்கை முடிய வேண்டும். தொடர்ந்து மூன்று ஆண்டு அறிக்கை இல்லையென்றால் நோட்டில் ‘ஐயம்’ என்று குறியுங்கள், அந்த வரியை அடித்துவிட வேண்டாம்.

நகல் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனு போடலாம். மகாராஷ்டிர விதிப்படி ஒரு மனுவில் ஒரு பொருள் மட்டும், 150 சொற்களுக்குள். இருபது அமைப்புகளை ஒரே மனுவில் அடுக்கினால் திரும்பி வரும்.

வேறு மூன்று பட்டியல்களும் உதவும், ஆனால் முழுமையானவை அல்ல. நிதி ஆயோக்கின் தர்ப்பண் தளத்தில் இருப்பது அமைப்புகள் தாங்களே பதிந்தவை. சிறிய கோயில் டிரஸ்டும் வாசகசாலையும் அங்கே அரிது. வெளிநாட்டு நன்கொடை பெறுபவை உள்துறை அமைச்சகத்தில் பதிந்திருக்க வேண்டும். அந்தப் பதிவு ஐந்தாண்டுதான் செல்லும் என்பதால் தேதியைப் பாருங்கள். நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பெறுபவர்களுக்கு 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர். எண் கட்டாயம். இந்த எல்லாப் பட்டியல்களையும் இணைக்கும் கயிறு பான் எண்தான். பெயர் எப்படி மாறினாலும் அது மாறாது.

நன்கொடை கொடுப்பவருக்காகப் பட்டியலில் 80ஜி, அதாவது நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் பிரிவு, என்றொரு கட்டம் சேர்க்கலாம். வருமான வரியின் புதிய சட்டத்தில் பிரிவு எண்கள் மாறினாலும் பேச்சில் இந்தப் பெயர்தான் நிற்கிறது. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கழிவு கிடையாது என்பதைப் பக்கத்திலேயே எழுதிவையுங்கள்.

இனி நடக்க வேண்டும். குடிசைச் சீரமைப்பில் கட்டடம் இடிந்து, பதிவு முகவரி தகரவேலிக்குள் போயிருக்கும். பக்கத்து டீக்கடையிலும் கிரானா (மளிகை) கடையிலும் விசாரித்தால் எங்கே மாறிப் போனார்கள் என்று சொல்வார்கள். ஞாயிறு காலையில் போங்கள். வார நாளில் சிறிய சங்கங்கள் பூட்டியிருக்கும்.

வகை பிரிக்க உலக அளவில் புழங்கும் 12 பிரிவுகளையே கொள்ளுங்கள்: பண்பாடு, கல்வி, மருத்துவம், சமூக சேவை, சுற்றுச்சூழல், வளர்ச்சி-வீட்டுவசதி, சட்டம்-உரிமை, நிதி வழங்குவோர், பன்னாட்டுப் பணி, சமயம், தொழில்சார் சங்கம், பிற. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932-இல் மாட்டுங்காவில் தொடங்கியது, அது கல்வி. சண்முகானந்தா சபை பண்பாடு. செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் சமயம். ஒரு கோயில் டிரஸ்ட் மருத்துவ முகாமும் நடத்தினால், அதிகப் பணம் எதில் செலவாகிறதோ அந்தப் பிரிவில் வையுங்கள். விடை தணிக்கை அறிக்கையில் இருக்கிறது.

மருத்துவப் பிரிவில் ஒரு கட்டம் கூடுதலாகப் போடுவது மிக அவசியம். அறக்கட்டளைப் பதிவுள்ள பெரிய மருத்துவமனைகள் பொது அறக்கட்டளைச் சட்டத்தின் 41ஏஏ பிரிவின்கீழும், 2006-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் வகுத்த திட்டத்தின்கீழும் வருகின்றன. அவை 10 விழுக்காடு படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 விழுக்காட்டை நலிந்த பிரிவினருக்குச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்க வேண்டும். தாராவியில் பலருக்கு இது தெரியாமலே நகையை அடகு வைக்கிறார்கள். எந்த மருத்துவமனை இதில் வருகிறது, ரேஷன் அட்டையோடு எந்த மேசையில் கேட்க வேண்டும் என்று எழுதுங்கள்.

பட்டியலை எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டும்போது அறங்காவலர்களின் கைபேசி எண்களைப் போடாதீர்கள். அமைப்பின் முகவரியும் பி.டி.ஆர். எண்ணும் போதும். தணிக்கைக் கெடு செப்டம்பர் 30-இல் முடிவதால், ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் ‘ஐயம்’ குறித்த வரிகளை மட்டும் எடுத்து மீண்டும் சரிபாருங்கள்.